அக்காள் கொடுத்த சிறுநீரகம் தம்பியின் உடலுக்கு எப்படி அந்நியமாகிறது? டி செல்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் செங்கோட்டைக்காரி. பள்ளியில் உயிரியல் நடத்தி ஓய்வு பெற்றவள். 2013-இல் என் தம்பிக்கு என் இடது சிறுநீரகத்தைக் கொடுத்தேன். அறுவை சிகிச்சை திருவனந்தபுரத்தில் நடந்தது. இன்றும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை இருட்டோடு கிளம்பி, ஆரியங்காவு, தென்மலை, குளத்தூப்புழை, நெடுமங்காடு வழியாகப் பரிசோதனைக்குப் போய் வருகிறோம். காத்திருக்கும் கூடத்தில் தென்காசி, கடையநல்லூர், புளியங்குடிப் பக்கத்து ஆட்கள் எப்போதும் நாலைந்து பேராவது இருப்பார்கள். மருத்துவர் மலையாளத்தில் சொல்வது அவர்களுக்குப் பாதி புரியும், பாதி புரியாது. 'ரிஜெக்‌ஷன்' என்ற ஒரு சொல் மட்டும் எல்லோருக்கும் புரிந்துவிடும், வைத்த உறுப்பை உடல் எதிர்க்கிறது என்று. முகம் வெளுத்துப்போய் என்னிடம் வந்து கேட்பார்கள். அப்படிக் கேட்டவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கூடப் பிறந்தவள் கொடுத்தது, ரத்தப் பிரிவும் ஒன்றுதான். பிறகு எதற்கு உடல் அதை எதிர்க்கிறது?

ரத்தப் பிரிவு ஒத்துப்போவது முதல் வாசல் மட்டுமே. அது சிவப்பணுவின் மேலுள்ள சர்க்கரைக் குறிகளைப் பொறுத்தது. சிறுநீரகத்தின் ஒவ்வொரு செல்லும் தன் மேற்பரப்பில் வேறொரு புரத வரிசையைத் தாங்கியிருக்கிறது. அதற்கு எச்.எல்.ஏ. என்று பெயர். நம் ஆறாவது குரோமோசோமில் இருக்கும் ஒரு மரபணுக் கூட்டம் அதை உண்டாக்குகிறது. மனித உடலில் ஆளுக்கு ஆள் இந்த அளவுக்கு மாறுபடும் மரபணு வேறு இல்லை. இதுவரை 30,000-க்கும் மேற்பட்ட எச்.எல்.ஏ. வடிவங்களைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

என் தம்பிக்கும் எனக்கும் பாதி பொருந்தியது. மீதிப் பாதியைப் பொறுத்தவரை அவன் உடலுக்கு நான் வேற்றாள்தான். முதலில் இதைக் கேட்டபோது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஒரே வயிற்றில் பிறந்து ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அதெல்லாம் செல்லுக்குத் தெரியாது.

டி செல் என்பது என்ன?

வெள்ளையணுக்களில் ஒரு வகை. எலும்பு மஜ்ஜையில் பிறந்து, நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் என்ற சுரப்பிக்குப் போய்ப் பழகி வெளியே வருகிறது. தைமஸ் எதற்கு இருக்கிறது என்பதே 1961 வரை யாருக்கும் விளங்கவில்லை. பிறந்த குட்டி எலிகளிடமிருந்து அதை எடுத்துவிட்டால் அவை வேற்றுத் தோலையும் எதிர்ப்பில்லாமல் ஏற்றுக்கொள்கின்றன என்று அந்த ஆண்டில் ஜாக் மில்லர் காட்டினார்.

தைமஸுக்குள் நடப்பது கடுமையான வடிகட்டல். ஒவ்வொரு டி செல்லும் தன் மேல் ஒரே வகையான உணர்வுப் புரதத்தை வைத்திருக்கிறது. அந்த வடிவம் மரபணுத் துண்டுகளைக் குலுக்கிப் போட்டதுபோல் தற்செயலாக அமைகிறது. நம் சொந்த எச்.எல்.ஏ.வைத் தொட்டு உணரவே தெரியாத செல் அங்கே செத்துப்போகிறது. சொந்தப் பொருளைப் பார்த்து அளவுக்கு மீறிச் சீறும் செல்லும் அழிக்கப்படுகிறது. நூற்றில் ஐந்து கூடத் தேறி வெளியே வருவதில்லை. தேறியவற்றில் இரண்டு பெரிய கூட்டங்கள் உண்டு. சி.டி.8 வகை நேரே கொல்லும். சி.டி.4 வகை மற்ற செல்களுக்கு உத்தரவு கொடுக்கும்.

இந்த வடிகட்டலை மறக்காதீர்கள். அது முழுக்க முழுக்க உங்கள் சொந்த எச்.எல்.ஏ.வை வைத்து நடந்தது. இன்னொருவருடைய எச்.எல்.ஏ.வைக் காட்டி எந்த டி செல்லையும் அங்கே சோதிப்பதில்லை. சிக்கல் முழுவதும் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

அது எதைப் பார்த்து 'இது வேறு' என்று முடிவு செய்கிறது?

டி செல் முழுக் கிருமியையோ முழுப் புரதத்தையோ பார்ப்பதில்லை. ஒவ்வொரு செல்லும் தனக்குள் இருக்கும் புரதங்களைத் துண்டுதுண்டாக நறுக்கி, அந்தத் துணுக்குகளை எச்.எல்.ஏ.வின் நடுவிலிருக்கும் பள்ளத்தில் வைத்து வெளியே நீட்டுகிறது. எச்.எல்.ஏ.வை ஓர் உள்ளங்கை என்றும் துணுக்கை அதில் வைத்த பொருள் என்றும் நினைத்துக்கொள்ளுங்கள். டி செல் கையையும் பொருளையும் சேர்த்தே தொட்டுப் பார்க்கிறது. ஒன்றை விட்டு ஒன்றைப் பார்க்க அதனால் முடியாது.

கை இரண்டு வகை. உடலில் உட்கருவுள்ள ஏறக்குறைய எல்லா செல்களிலும் இருப்பது முதல் வகை. அது எட்டு முதல் பத்து அமினோ அமிலம் நீளமுள்ள சிறு துணுக்கைத் தாங்கும். அதைப் பார்ப்பது சி.டி.8 செல். இரண்டாம் வகை, டென்ட்ரைட் செல் போன்ற காவல் செல்களில் இருக்கிறது. அது கொஞ்சம் நீண்ட துணுக்குகளைத் தாங்கும். அதைப் பார்ப்பது சி.டி.4.

சாதாரண நாளில் சொந்தக் கையில் சொந்தப் பொருள் இருக்கும், டி செல் நகர்ந்துவிடும். சளிக்காய்ச்சல் வந்தால் சொந்தக் கையில் வைரஸின் துணுக்கு இருக்கும், அந்த செல் கொல்லப்படும். இந்தக் கைகள் இருப்பதே அதற்காகத்தான். மாற்று அறுவை என்ற ஒன்றை நம் உடல் எதிர்பார்க்கவே இல்லை. சிறுநீரகம் வந்ததும் ஒரு புதுக் கை, அதில் ஒரு புதுப் பொருள் என்று டி செல் இதுவரை தொட்டே பார்க்காத சேர்க்கை எதிரே நிற்கிறது.

இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் தீக்காயம் பட்டவர்களுக்கு வேறொருவரின் தோலை வைத்துப் பார்த்தார்கள். கிளாஸ்கோவில் 22 வயதுப் பெண் ஒருத்திக்கு அவளுடைய சகோதரனின் தோலைச் சிறு சிறு துண்டுகளாக ஒட்டினார்கள். அது கொஞ்ச நாள் பிடித்து நின்று பிறகு கரைந்தது. அதே சகோதரனிடமிருந்து இரண்டாம் முறை எடுத்து ஒட்டிய தோல் முன்னதைவிட வேகமாகக் கரைந்தது. உடல் நினைவு வைத்திருக்கிறது என்பது அதிலிருந்து தெரிந்தது. பீட்டர் மெடவார், தாமஸ் கிப்சன் இருவரும் 1943-இல் இதை வெளியிட்டார்கள். அக்காள் தம்பி கதை என்பதால் இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துப்போகும். பெயர்கூடத் தெரியாத அந்த உடன்பிறப்புகளின் வேதனையிலிருந்துதான் நம் எல்லோருக்குமான மருத்துவம் தொடங்கியது.

1954 டிசம்பர் 23-இல் பாஸ்டனில் ஜோசப் மர்ரே ஒரே கருவில் உருவான இரட்டையரிடையே சிறுநீரகத்தை மாற்றினார். இருவருக்கும் எச்.எல்.ஏ. ஒன்றேதான் என்பதால் எதிர்ப்பே வரவில்லை. வாங்கிக்கொண்டவர் எட்டு ஆண்டுகள் வாழ்ந்தார். 1958-இல் ஜான் தோசே மனிதரின் முதல் எச்.எல்.ஏ. குறியைக் கண்டறிந்தார். நம் பக்கத்தில் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் 1971-இல் நடந்ததைத்தான் இந்தியாவின் வெற்றிகரமான முதல் சிறுநீரக மாற்று என்று சொல்கிறார்கள்.

கையையும் பொருளையும் சேர்த்தே டி செல் பார்க்கிறது என்ற செய்தி 1974-இல்தான் வந்தது. கான்பராவில் ரோல்ஃப் சிங்கர்நாகல், பீட்டர் டோஹர்ட்டி இருவரும் எலிகளுக்கு ஒரு வைரஸைச் செலுத்தி, அவற்றின் கொல்லும் டி செல்களை எடுத்துப் பார்த்தார்கள். வைரஸ் அதேதான். ஆனால் வேறு இன எலியின் செல்லில் அது இருந்தபோது அந்த டி செல்கள் கண்டுகொள்ளவில்லை. 1987-இல் எக்ஸ்-கதிர் படத்தில் எச்.எல்.ஏ.வின் பள்ளமும் அதில் பொதிந்திருந்த துணுக்கும் கண்ணுக்கே தெரிந்தன.

வாழ்நாளில் பார்த்தே இராத சிறுநீரகத்தின்மேல் எப்படி இத்தனை வேகமாகப் பாய்கிறது?

என்னிடம் கேட்கப்பட்டவற்றில் மிக நல்ல கேள்வி இது. கேட்டவர் புளியரையில் நெல் விவசாயம் செய்பவர். ஒரு புதுக் கிருமி நுழைந்தால் அதை உணரக்கூடிய டி செல் லட்சத்தில் ஒன்றோ பத்து லட்சத்தில் ஒன்றோதான் இருக்கும். அது பெருகிப் படையாக ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். வேற்றாளின் உறுப்பு வந்தாலோ, நூறு டி செல்லில் ஒன்று முதல் பத்து வரை உடனே கிளர்ந்தெழுகின்றன. அறிவியலாளர்களையே பல காலம் திகைக்க வைத்த எண்ணிக்கை இது.

விடை அந்தக் கையில்தான் இருக்கிறது. வேற்று எச்.எல்.ஏ. முழுக்க வேறுபட்டதன்று. நம் கையைப் போலவே இருக்கிறது, ஆகவே டி செல்லால் அதைத் தொட முடிகிறது. ஆனால் விரல் அமைப்பு சற்றே மாறியிருப்பதால் அது ஏந்தும் துணுக்குகளும் மாறிவிடுகின்றன. சிறுநீரக செல் ஒன்றின் மேல் ஆயிரக்கணக்கான வகைத் துணுக்குகள் இருக்கும். அத்தனையும் தைமஸில் சோதிக்கப்படாத சேர்க்கைகள். ஒவ்வொரு சேர்க்கையும் யாராவது சில டி செல்லுக்கு, 'சொந்தக் கையில் கிருமித் துணுக்கு' என்பதுபோலத் தோன்றிவிடுகிறது. எல்லாம் கூடிப் பெரும்படையாகிறது.

பழைய நோயின் நினைவும் சேர்ந்துகொள்ளும். எப்ஸ்டைன்-பார் என்ற வைரஸ் பெரும்பாலானவர்களுக்கு இளம் வயதிலேயே வந்துபோயிருக்கும். அந்த வைரஸின் ஒரு துணுக்கை எச்.எல்.ஏ. பி8 என்ற கையில் வைத்துப் பார்த்துப் பழகிய ஒரு வகை டி செல், பி44 என்ற வேற்றுக் கையைப் பார்த்தாலே தாக்குகிறது என்று சோதனைச்சாலையில் காட்டியிருக்கிறார்கள். ஒரு நோய்க்கு எதிராகப் பயின்ற வீரன், முகச்சாடையில் ஏமாந்து, உதவ வந்தவரையே வெட்டுகிறான்.

இதை நேர்வழி உணர்தல் என்கிறார்கள். சிறுநீரகத்தோடு கொடுத்தவரின் காவல் செல்களும் கூடவே வருகின்றன. அவை சில நாளில் கிளம்பி, வாங்கியவரின் மண்ணீரலுக்கும் நிணநீர்க் கணுக்களுக்கும் போய்த் தாங்களே தங்களைக் காட்டிக்கொள்கின்றன. முதல் சில மாதங்களில் வரும் கடும் எதிர்ப்பில் இதன் பங்கு பெரிது. அந்தப் பயணி செல்கள் காலப்போக்கில் மறைந்துவிடும்.

மறைந்தபின் ஓய்வு உண்டா என்றால், இல்லை. மறைமுக வழி ஒன்று இருக்கிறது. சிறுநீரகத்திலிருந்து உதிரும் வேற்று எச்.எல்.ஏ. புரதத்தையே வாங்கியவரின் சொந்தக் காவல் செல்கள் விழுங்கி, நறுக்கி, சொந்தக் கையில் வைத்துக் காட்டுகின்றன. இது மெதுவானது, ஆனால் உறுப்பு இருக்கும்வரை ஓயாதது. சி.டி.4 செல்கள் இதைப் பார்த்து பி செல்கள் என்ற வேறு வகை வெள்ளையணுக்களுக்கு உத்தரவு கொடுக்க, எதிர்ப்புப் புரதங்கள் உருவாகின்றன. ஆண்டுக்கணக்கில் சிறுநீரகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்குவதன் பின்னால் பெரும்பாலும் இந்த வழிதான் இருக்கிறது. இவை தவிர, கொடுத்தவரின் எச்.எல்.ஏ.வை அப்படியே பிய்த்துத் தன் மேல் ஒட்டிக்கொண்டு திரியும் காவல் செல்களும் உண்டு.

பாதிப் பொருத்தம், முழுப் பொருத்தம் என்பதன் கணக்கு என்ன?

எச்.எல்.ஏ. மரபணுக்கள் அருகருகே இருப்பதால் பெரும்பாலும் ஒரே கட்டாகத்தான் பிள்ளைக்கு இறங்கும். அப்பாவிடமிருந்து ஒரு கட்டு, அம்மாவிடமிருந்து ஒரு கட்டு. ஆகவே பெற்றோருக்கும் பிள்ளைக்கும் எப்போதும் பாதியாவது பொருந்தும். உடன்பிறந்தவர்களில் முழுப் பொருத்தத்துக்கு நாலில் ஒரு வாய்ப்பு, பாதிக்கு நாலில் இரண்டு, எதுவுமே பொருந்தாமலிருக்க நாலில் ஒன்று. கூடப் பிறந்தும் பொருந்தவில்லையே என்று யாரும் அழ வேண்டாம், யாரையும் சந்தேகப்படவும் வேண்டாம். ஒரு குடும்பத்தில் அப்படியொரு வீண் பேச்சு கிளம்பி, நான் மணிக்கணக்கில் உட்கார்ந்து இந்தக் கணக்கைச் சொல்ல வேண்டியதாயிற்று.

முழுக்கப் பொருந்தினாலும் எதிர்ப்பை அடக்கும் மாத்திரை எதற்கு?

கை ஒன்றாக இருந்தாலும் அதிலுள்ள பொருள் வேறாக இருக்கலாம். எச்.எல்.ஏ. தவிர்த்த மற்றப் புரதங்களிலும் ஆளுக்கு ஆள் சிறு வேறுபாடு உண்டு. ஆணின் ஒய் குரோமோசோம் உண்டாக்கும் புரதத் துணுக்கு ஒரு பெண்ணின் டி செல்லுக்குப் புதியது. ஒரே கருவின் இரட்டையருக்குத்தான் இந்தத் தொல்லை இல்லை.

மலையாளியின் சிறுநீரகம் தமிழனுக்குப் பொருந்துமா?

பொருந்தும். எச்.எல்.ஏ.வுக்கு மாநிலமும் மொழியும் தெரியாது. எங்கள் செங்கோட்டையே 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்த ஊர்தான். மலைக்கு அந்தப்புறமும் இந்தப்புறமும் கொண்டும் கொடுத்தும் வாழ்ந்தவர்கள் நாங்கள். பொருத்தம் என்பது இரண்டு தனி ஆட்களுக்கு இடையிலானது. மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புகளைப் பங்கிடும் முறைதான் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. தமிழ்நாட்டில் 2008 முதலும், கேரளத்தில் மிருதசஞ்சீவனி என்ற பெயரில் 2012 முதலும் அது நடக்கிறது. எந்தப் பட்டியலில் பெயர் பதிவது என்பதை மருத்துவமனையின் உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளரிடம் ஆரம்பத்திலேயே கேட்டுவிடுங்கள்.

கணவர் கொடுக்க முன்வந்தார். கிராஸ் மேட்சில் ஆகாது என்று சொல்லிவிட்டார்கள். ஏன்?

வயிற்றில் வளர்ந்த பிள்ளையின் எச்.எல்.ஏ.வில் பாதி கணவருடையது. கர்ப்ப காலத்திலும் பிரசவத்திலும் அந்த செல்கள் தாயின் ரத்தத்தில் கலக்க, அவற்றுக்கு எதிரான புரதங்கள் சில பெண்களுக்கு உருவாகி நிலைத்துவிடுகின்றன. பிற்காலத்தில் கணவரின் சிறுநீரகத்தை வைத்தால் அவை காத்திருந்து தாக்கும். அறுவை மேசையிலேயே உறுப்பு கருத்துப்போகலாம். 1969-இல் பட்டேல், தெரசாகி என்ற இருவர், கொடுப்பவரின் செல்லை வாங்குபவரின் சீரத்தோடு (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீர்) கலந்து முன்கூட்டியே பார்க்கலாம் என்று நிலைநாட்டினார்கள். அதுதான் கிராஸ் மேட்ச். மகன் தாய்க்குக் கொடுக்கும்போதும் இதே காரணத்தால் கவனமாகப் பார்க்கிறார்கள். யார்மேலும் குறையில்லை, மதினிமாரே. பிள்ளை பெற்றதன் தடம் அது.

அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்கும் இப்படி ஆகலாம். சிவப்பணுவில் எச்.எல்.ஏ. ஏறக்குறைய இல்லை, ஆனால் கூடவே போகும் வெள்ளையணுவிலும் தட்டணுவிலும் உண்டு. டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு முடிந்தவரை ரத்தம் ஏற்றாமல் ஊசி போட்டு ஹீமோகுளோபினைக் கூட்டப் பார்ப்பது இதனால்தான்.

கண் தானத்துக்கு ஏன் இதெல்லாம் பார்ப்பதில்லை?

கருவிழியில் ரத்தக் குழாய் இல்லை, டி செல்கள் அங்கே எளிதில் போய்ச் சேர்வதில்லை. அதனால் பொதுவாகப் பொருத்தம் பார்ப்பதில்லை, சொட்டு மருந்தே பெரும்பாலும் போதும்.

மாத்திரைகள் டி செல்லை என்ன செய்கின்றன?

டி செல் கிளம்ப மூன்று தூண்டுதல் வேண்டும். கையையும் பொருளையும் தொடுவது முதலாவது. காவல் செல் கொடுக்கும் உறுதிக் குறி இரண்டாவது. பெருகச் சொல்லும் இன்டர்லூக்கின்-2 போன்ற ரசாயனச் செய்தி மூன்றாவது. டாக்ரோலிமஸும் சைக்ளோஸ்போரினும் முதல் தூண்டுதல் உட்கருவுக்குப் போய்ச் சேராமல், கால்சிநியூரின் என்ற நொதியைத் தடுத்து நிறுத்துகின்றன. அறுவையன்றும் நாலாம் நாளும் போடும் பாசிலிக்சிமாப் ஊசி மூன்றாவதை அடைக்கிறது. மைகோஃபீனோலேட், செல் பிளந்து பெருகத் தேவையான பொருளைக் கிடைக்கவிடாமல் செய்கிறது. இரண்டாவதைத் தடுக்கும் பெலடாசெப்ட் 2011-இல் வந்தது.

சைக்ளோஸ்போரின் நார்வே மண்ணிலிருந்த பூஞ்சையிலிருந்தும், டாக்ரோலிமஸ் ஜப்பானில் சுகுபா மண்ணிலிருந்த நுண்ணுயிரிலிருந்தும் கிடைத்தவை. எங்கோ ஒரு பிடி மண் என் தம்பியைக் காக்கிறது என்று நினைக்கும்போது கைகூப்பத் தோன்றுகிறது.

இந்த மாத்திரைகள் டி செல்லின் கண்ணை மங்கலாக்குகின்றன, அவ்வளவுதான். மங்கிய கண் கிருமியையும் சரியாகப் பார்க்காது. காய்ச்சல் வந்தால் மருந்துக் கடையோடு நின்றுவிடாமல் உங்கள் சிறுநீரக மருத்துவரைக் கூப்பிடுவது அதனால் கட்டாயம்.

இரண்டு வருடமாக நன்றாக இருக்கிறேன். குறைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். எங்களோடு அதே மாதம் அறுவை செய்துகொண்ட ஓர் அண்ணாச்சி இருந்தார். என் தம்பியைவிட வேகமாகத் தேறியவர், கடை திறந்தவர், மகள் கல்யாணத்தை முடித்தவர். உடம்புதான் சரியாகிவிட்டதே என்று மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் ஆக்கினார். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. வலி இல்லை, காய்ச்சல் இல்லை, சிறுநீரும் போய்க்கொண்டிருந்தது. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கிரியாட்டினின் என்ற கழிவு மட்டும் ரத்தத்தில் ஏறியிருந்தது. திசுவை எடுத்துப் பார்த்தபோது சிறுநீரகம் முழுக்க டி செல்கள் புகுந்திருந்தன. ஸ்டீராய்டு ஊசி போட்டும் பாதிதான் மீண்டது. அடுத்த ஆண்டு மறுபடி டயாலிசிஸ் நாற்காலிக்குப் போய்விட்டார். அவர் மனைவி தன் உடம்பிலிருந்து கொடுத்த சிறுநீரகம் அது. அந்த அம்மாளின் முகத்தை என்னால் மறக்க முடியவில்லை.

நன்றாக இருப்பதே மாத்திரை வேலை செய்வதால்தான். சிறுநீரகம் அந்நியக் கையை நீட்டுவதை ஒருநாளும் நிறுத்துவதில்லை. இருபது ஆண்டு ஆனாலும் அது அக்காளின் சிறுநீரகம்தான், தம்பியுடையதாக மாறிவிடாது.

பழம், மூலிகை, கஷாயம் ஏதாவது விலக்க வேண்டுமா?

பம்பளிமாஸைத் தொடாதீர்கள். எல்லை தாண்டினால் கம்பிளி நாரங்கா என்று சொல்லித் தோட்டத்திலிருந்து அன்போடு பறித்துத் தருவார்கள். அதிலுள்ள ஒரு பொருள் குடலில் டாக்ரோலிமஸைச் சிதைக்கும் நொதியை முடக்கி, ரத்தத்தில் மருந்தின் அளவை ஏற்றிவிடும். மருந்து அளவு மிஞ்சினால் அதுவே சிறுநீரகத்தைக் கெடுக்கும். குற்றாலத்தில் 'எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்' என்று விற்கும் பொடிகளையும் மருத்துவரைக் கேட்காமல் வாங்காதீர்கள். எதை அடக்க மாத்திரை சாப்பிடுகிறோமோ அதைத் தூண்டப் பொடி சாப்பிடுவது எந்த வகையில் சேர்த்தி?

எலும்பு மஜ்ஜை மாற்றிலும் இப்படித்தானா?

அங்கே திசை தலைகீழ். கொடுத்தவரின் டி செல்கள் உள்ளே வந்து, வாங்கியவரின் தோல், குடல், கல்லீரலை அந்நியம் என்று தாக்கும். அதனால்தான் அங்கே பொருத்தத்தை இன்னும் நுணுக்கமாகப் பார்க்கிறார்கள்.

டி செல்லைப் பழக்கப்படுத்தவே முடியாதா?

முடியும் என்பதற்கு மாடுகள்தான் முதல் சாட்சி. ஒரே கர்ப்பப்பையில் ரத்தக் குழாய் இணைந்து வளர்ந்த இரட்டைக் கன்றுகள், ஒன்றின் ரத்த செல்லை மற்றது ஆயுள் முழுக்க வைத்திருப்பதை ரே ஓவன் 1945-இல் கண்டார். 1953-இல் மெடவாரும் கூட்டாளிகளும், பிறக்குமுன்பே வேற்று செல்லைச் செலுத்திய எலிக்குட்டிகள் வளர்ந்தபின் அதே இனத்தின் தோலை ஏற்பதைக் காட்டினார்கள். மனிதரில் சிறுநீரகத்தோடு அதே ஆளின் எலும்பு மஜ்ஜையையும் சேர்த்து வைத்து, சிலருக்கு மாத்திரையையே நிறுத்திவிட்டிருக்கிறார்கள். எல்லோருக்கும் தரும் அளவுக்கு அது இன்னும் பத்திரமான முறையாகவில்லை. என் தம்பியின் ஆயுளுக்குள் வந்துவிட வேண்டும் என்பது என் வேண்டுதல்.

பரிசோதனைக்குப் போகும் நாளில் காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டு கிளம்பலாமா?

டாக்ரோலிமஸ் அளவு பார்க்கும் நாளென்றால் கூடாது. முந்தின இரவு மாத்திரைக்குப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, காலை மாத்திரைக்கு முன்னால் ரத்தம் எடுக்க வேண்டும். அப்போதுதான் மருந்தின் மிகக் குறைந்த அளவு சரியாகத் தெரியும். தம்பி இரவு ஒன்பது மணிக்குப் போட்டுக்கொள்வான், நாங்கள் காலை ஒன்பதுக்கு ரத்தம் கொடுத்துவிடுவோம். காலை மாத்திரை என் கைப்பையில் இருக்கும். ஊசி குத்திய இடத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டு அவன் வெளியே வந்ததும் தண்ணீரோடு அதைக் கொடுத்துவிடுவேன்.